காசல்ரீயில் இறங்கலாமா, மாமா?

போன மாதம் ஒரு ராத்திரி கோத்தகிரியிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. என் மச்சானின் மகன். தமிழ்நாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் பரம்பரையில் விமானத்தின் முன்னிருக்கையில் உட்காரப்போகும் முதல் ஆள் அவன்தான். நலம் விசாரித்து முடித்த கையோடு கேட்டான்:

"மாமா, காசல்ரீ டேம்ல ப்ளேன் இறங்குதாமே, அப்பாயி சொன்னாங்க. நாளைக்கு லைசென்ஸ் வந்ததும் ஒரு சின்ன ப்ளேன் வாடகைக்கு எடுத்து அப்பாயியக் கூட்டிக்கிட்டு நேரா அங்கயே வந்து இறங்கிரலாமா?"

அவனுடைய அப்பாயி எனக்கு அத்தை. என் தாத்தாவும் அவளுடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். 1972இல் சின்னத்தாத்தா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார், எங்கள் தாத்தா இங்கேயே நின்றுவிட்டார். அத்தைக்கு அப்போது பதினேழு வயது. அதற்குப் பிறகு அவள் இந்த மலையைப் பார்க்கவே இல்லை.

"இறங்க முடியாதுய்யா" என்றேன். "ஏன்?" என்று கேட்டான். அந்த ஏனுக்கு அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அதன் பிறகு ஒரு மாதமாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து, முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவனுக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், எல்லை தாண்டிப் போய் வரும் குடும்பக்காரர்கள் எல்லாருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

முதலில் காசல்ரீ. நோர்வூட் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. அதன் கரையெல்லாம் தேயிலை. சினமன் ஏர் நிறுவனத்தின் மிதவை விமானம் கட்டுநாயக்கவிலிருந்து வந்து அந்தத் தண்ணீரில் இறங்கும். செஸ்னா கேரவன் வகை, ஒற்றை எஞ்சின், அடியில் இரண்டு பெரிய மிதவைகள், மிதவைக்குள் மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். கட்டுநாயக்கவில் தரையிலிருந்து கிளம்பி இங்கே தண்ணீரில் உட்காருவதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம். அதே தூரத்தை வீதியால் வந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

அது இறங்குவதை ஒருமுறை மேட்டு மலையில் நின்று பார்த்தேன். சத்தம்தான் முதலில் வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கினார்கள். மலை இடுக்கிலிருந்து வெளியே வந்த விமானம் நீர்ப்பரப்பின் மேல் தாழ்ந்து தாழ்ந்து வந்து, மிதவை தண்ணீரைத் தொட்டதும் இரண்டு வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டே ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறைந்து படகாகிவிட்டது. பக்கத்து நிரையில் நின்ற அக்கா, "அதுல வர்றவங்க பாஸ்போட்ட எங்க காட்டுவாங்க?" என்று கேட்டார்.

சரியான கேள்வி அது. காசல்ரீயில் யாரும் காட்டுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டுநாயக்கவிலேயே கடவுச்சீட்டைக் காட்டி, பெட்டியைச் சுங்கத்தில் சோதிக்கக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மிதவை விமானத்தில் ஏறுகிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து காசல்ரீக்கு வருவது உள்நாட்டுப் பயணம், கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வருகிற மாதிரி. விமானம் இறங்குவதற்குத் தண்ணீர் போதும். நாடு தொடங்குவதற்கு அங்கே சுங்க மேசையும் குடிவரவு மேசையும் இருக்க வேண்டும்.

இதை நம் ஊரோ இந்தியாவோ தனியாகப் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். 1944இல் சிக்காகோவில் கூடி நாடுகள் எழுதிய சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒரு நாட்டுக்குள் வருகிற விமானம், அந்த நாடு கேட்டால், அது குறித்துக் கொடுத்த சுங்க விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். புறப்படும்போதும் அப்படியே. முந்நூறு பேர் ஏறும் ஜம்போவுக்கும் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்துக்கும் விதி ஒன்றுதான். இந்தியாவில் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 7ஆவது பிரிவு எவை சுங்க விமான நிலையங்கள் என்று அறிவிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 29ஆவது பிரிவு, வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்தை அனுமதியில்லாமல் வேறெங்கும் இறக்கக் கூடாது என்று விமானியின் தலையில் பொறுப்பைக் கட்டுகிறது. நமக்கோ அதைவிடப் பழைய சட்டம்: 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். கப்பலும் தோணியும் மட்டும் இருந்த காலத்தில் எழுதியது, திருத்தித் திருத்தி இன்றைக்கும் அதே சட்டம்தான் ஓடுகிறது.

"எஞ்சின் நின்னு போச்சுன்னா?" என்று கேட்டான் மருமகன். படிக்கிற பிள்ளை, சரியான இடத்தில் கேட்டான். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. விபத்து, மோசமான வானிலை, தவிர்க்க முடியாத வேறு காரணம் என்றால் எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். ஆனால் இறக்கியதும் முதல் வேலை, பக்கத்துச் சுங்க அதிகாரிக்கோ போலீஸ் நிலையத்துக்கோ தகவல் சொல்வது. அவர்கள் வரும்வரை ஒரு பெட்டியையும் இறக்கக் கூடாது, கூட வந்தவர்களையும் அந்த இடத்தை விட்டு அனுப்பக் கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் விலகிப் போகலாம். இந்தியச் சட்டம் இவ்வளவையும் எழுத்தில் வைத்திருக்கிறது. ஒரு விமானி இதைத் தன் வான்வரைபடத்தோடு சேர்த்து மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை வீட்டு டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. 2011இல் கோத்தகிரிக்குப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினாள். பச்சைப் பெயின்ட் உரிந்த தகரப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் சின்னத்தாத்தாவின் பெயரும், எங்கள் தோட்டத்தின் பெயரும், "தலைமன்னார்" என்ற வார்த்தையும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. வெளியே, பூட்டுக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு சாக்குக்கட்டிக் கீறல். பார்த்தாகிவிட்டது, போகலாம் என்று ஜெட்டியில் யாரோ போட்ட அடையாளம். "இத மட்டும் நான் தொடைக்கவே இல்ல" என்றாள் அத்தை. நாற்பது வருஷமாக அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் பெட்டியைத் துடைத்திருக்கிறாள்.

எங்கள் ஆட்கள் எல்லை தாண்டிய கதை முழுவதும் இப்படி வாசல்களின் கதைதான். எந்த வாசலால் போவது, எந்த வாசலால் வருவது என்பதை அவர்கள் ஒருநாளும் தாங்களாகத் தேர்ந்ததில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடல். அந்தக் கடலைத் தொடுவதற்கு முன் மண்டபம் முகாமில் தங்கவைத்து, காய்ச்சல் பார்த்து, ஊசி போட்டு, அதற்குப் பிறகுதான் அனுப்புவார்கள். மண்டபம் இந்திய மண், ஆனால் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. வெள்ளைக்காரத் துரைமாரும் வியாபாரிகளும் ஏறிய அதே கப்பல்தான். தோட்டத்துக்கு வந்த சனத்துக்கு மட்டும் வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல்.

பிறகு 1964. அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. போகவேண்டியவர்களுக்கு ராமேஸ்வரம் வாசலானது. மலையிலிருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அந்தக் கோச்சியில்தான் சின்னத்தாத்தா போனார். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். அந்தப் பக்கம் திரும்பவும் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி.

ஒரு குடும்பம் என்ன கொண்டுபோகலாம் என்பதற்கும் ஒப்பந்தத்தில் வரி இருக்கிறது: கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. மூன்று தலைமுறை உழைப்புக்குச் சுங்க மேசையில் வைத்த எல்லை அது. சின்னத்தாத்தாவிடம் அந்த அளவுக்கும் இருக்கவில்லை.

இப்போது அந்தக் குடும்பத்துப் பேரன் விமானத்தில் வரப்போகிறான், எந்த வாசலில் இறங்கலாம் என்று என்னிடம் கேட்கிறான். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்த முதல் ஆளும் அவன்தான். அதனால்தான் இவ்வளவு அக்கறையாகத் தேடினேன்.

சரி, அவன் புறப்படும் பக்கத்திலிருந்து பார்ப்போம். வரைபடத்தைப் பார்த்தால் இலங்கைக்குப் பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி. உச்சிப்புளி இன்னும் பக்கம். ஆனால் உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் பருந்து தளம், அங்கே தனியாருக்கு இடமில்லை. தூத்துக்குடி விமான நிலையம் உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாடு போகிற விமானம் புறப்படுவதும் சுங்கம் இருக்கும் இடத்திலிருந்துதான் என்பதால், தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நான்கில் ஒன்றைத்தான் அவன் எடுக்க வேண்டும். எங்கள் உறவுக்காரர்கள் பலர் திருச்சியைத்தான் எடுப்பார்கள், பயணிகள் விமானத்தில் வருவதானால் அது சரி. சின்ன விமானத்துக்கு நான் மதுரையைச் சொல்வேன். காரணம் கடல்.

ஒற்றை எஞ்சின் விமானத்துக்குக் கடல் அகலம்தான் பெரிய கணக்கு. திருச்சியிலிருந்து நேர்கோட்டில் கட்டுநாயக்க ஏறக்குறைய 420 கிலோமீட்டர், பெரும்பகுதி தண்ணீர். திருச்சியிலிருந்து பலாலிக்கு 185 கிலோமீட்டர்தான், அதில் பாக்கு நீரிணை ஒரு துண்டு. மதுரையிலிருந்து கிழக்கே ராமேஸ்வரம்வரை தரைக்கு மேல் வந்து, தனுஷ்கோடி முனையிலிருந்து மணல் திட்டுகளைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு தலைமன்னாரைத் தொட்டு, பிறகு மன்னார், புத்தளம், சிலாபம் என்று மேற்குக் கரையைப் பிடித்துத் தெற்கே வந்தால் திறந்த கடல் முப்பது கிலோமீட்டரோடு போய்விடும். மதுரையிலிருந்து கொழும்புவரை இந்த வழியில் 450 கிலோமீட்டர் சொச்சம். அவன் ஓட்டிப் பழகுகிற செஸ்னா 172 மாதிரியான விமானத்துக்கு இரண்டு மணி நேரம். வழியை முடிவு செய்வது இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டு நிலையங்களும்தான், அவர்கள் வேறு பாதை கொடுத்தால் அதில்தான் வர வேண்டும். ஆனால் கேட்பதற்கு இந்தப் பாதையைக் கேட்கலாம். உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொண்டே வரவேண்டும், அத்தையும்தான்.

இனி இந்தப் பக்கம். கட்டுநாயக்க இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும் வாசல். சுங்கம், குடிவரவு, சுகாதாரம், தாவரப் பரிசோதனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். குறை என்னவென்றால் அது பெரிய விமானங்களின் இடம். வரிசையில் காத்திருக்க வேண்டும், பெரிய ஜெட் எழுப்பிவிட்டுப் போகும் காற்றுச் சுழலுக்குச் சின்ன விமானம் ஒதுங்கி நிற்க வேண்டும். மத்தளை 2013 மார்ச்சில் திறந்தது, தெற்கு மூலையில் இருக்கிறது. மதுரையிலிருந்து வருகிறவனுக்கு அது வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற கதை.

பலாலியை விட்டுவிட எனக்கு மனம் இல்லை. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம், 'சீதாதேவி' என்று பெயர் வைத்த டகோட்டா, ரத்மலானையிலிருந்து கிளம்பி காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கித்தான் மெட்ராஸ் போனது. அவ்வளவு பழைய வாசல் அது. யுத்தம் அதை மூடியது. 2019 அக்டோபர் 17ஆம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்து, கொரோனாவில் திரும்பவும் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் உறவு இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பலாலியைத் தேர்ந்தெடுக்கலாம். ஹட்டனுக்கு வருகிறவர்களுக்கோ அங்கிருந்து கண்டிக்கே ஏ9 வீதியில் முந்நூறு கிலோமீட்டர், அதற்கு மேல் மலை. எழுபது வயதுக் கிழவியை அப்படி அலைக்கழிக்க முடியாது. ஆனால் கடலின் நடுவில் வானம் கெட்டால் திரும்பிப் பிடிப்பதற்கு மாற்று நிலையமாகப் பலாலியைப் பறப்புத் திட்டத்தில் எழுதி வைக்கலாம்.

ரத்மலானைதான் என் தேர்வு. கொழும்பின் தெற்கு ஓரத்தில், காலி வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விமான நிலையம். நாட்டின் பறப்புப் பயிற்சிப் பள்ளிகள் இருப்பது அங்கேதான், அதனால் சின்ன விமானத்தின் தேவை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுநாயக்க வருவதற்கு முன் இலங்கையின் சர்வதேச வாசலே அதுதான். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2022 மார்ச் 27ஆம் தேதி மாலைதீவிலிருந்து வந்த விமானத்தோடு அந்த வாசல் திரும்பத் திறந்தது.

ரத்மலானையின் முதல் விமானம் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புல்லரித்தது. 1935 நவம்பர் 27ஆம் தேதி அந்த ஓடுபாதையில் முதன்முதலாக இறங்கியது ஒரு புஸ் மோத். டி ஹாவிலண்ட் கம்பெனியின் ஒற்றை எஞ்சின் குட்டி விமானம். ஓட்டிவந்தவர் டின்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பயிற்சிக்காரர் சின்ன விமானத்தில் வந்து இறங்கித்தான் ரத்மலானையின் கதையே தொடங்கியிருக்கிறது! அதே ஆண்டு எங்கள் பூட்டன் பூட்டிகள் மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார்கள்.

தாள்களைப் பற்றி நீட்டி எழுதவில்லை, ஆனால் அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விமானத்தின் பதிவுச் சான்று, பறப்புத் தகுதிச் சான்று, விமானியின் உரிமம், வானொலி உரிமம், பயணப் பதிவேடு, பயணிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் விமானத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், இதையும் சிக்காகோ ஒப்பந்தமே கேட்கிறது. காப்புறுதித் தாளும் வேண்டும். இலங்கையின் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையிடம் முன்கூட்டியே தரையிறங்கும் அனுமதி எடுக்க வேண்டும். இந்தியப் பக்கம் வான் பாதுகாப்பு அனுமதி எண் இல்லாமல் எல்லையை நெருங்கவே முடியாது. வருகிற நேரத்தை எழுதிக் கொடுத்தால்தான் சுங்கமும் குடிவரவும் ஆளை வைத்துக் காத்திருப்பார்கள், ஆகவே சொன்ன நேரத்துக்கு வருவது மரியாதை. அப்புறம், விமானமே ஒரு பொருள் என்பதை மறக்கக் கூடாது. திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்ற உறுதியில்தான் அதை வரியில்லாமல் உள்ளே விடுகிறார்கள். கொடுத்த நாளைத் தாண்டி நிறுத்தி வைத்தால் இறக்குமதி என்று கணக்கு வரும். எரிபொருளும் ஒரு விஷயம்: அவன் விமானம் குடிப்பது விமானப் பெட்ரோல், பெரிய விமானங்களின் மண்ணெண்ணெய் வகை அதற்கு ஆகாது. எங்கே இறங்கினாலும், அந்தப் பெட்ரோல் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

"ரத்மலானையில செக்கிங் முடிச்சிட்டு அங்கயிருந்து மலைக்குப் பறந்து வந்தா?" என்று கேட்டான். சட்டப்படி அது உள்நாட்டுப் பயணம், தனியாக அனுமதி கேட்கலாம். நான் வேண்டாம் என்றேன். அவன் விமானத்துக்குச் சக்கரம்தான் இருக்கிறது, காசல்ரீயில் இறங்க மிதவை வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஏழு கன்னியர் மலை.

நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு பத்து மணி தாண்டி, மார்ட்டின்ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அந்த மலையில் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிப்போன விமானம். இடையில் கொழும்பில் இறங்க வேண்டும். பயணிகள் 182 பேர், விமானப் பணியாளர் 9 பேர், 191 பேரும் இறந்தார்கள். மோதிய இடத்தின் உயரம் 4,355 அடி. கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்து உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், உண்மையில் நம் மலைகளின் மேல் இருந்திருக்கிறார்கள். இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததுதான் காரணம், விமானத்துக்குள் இருந்த டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதில் அந்தத் தவறு வந்தது என்று விசாரணை சொன்னது.

எங்கள் அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டவர். இடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டதாகச் சொல்வார். விடிந்ததும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சனம்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காட்டுக்குள் ஏறியது. பார்த்ததை அவர்கள் பிள்ளைகளிடம் விவரமாகச் சொல்லவில்லை.

இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இந்த மலை மாறவில்லை. காலை எட்டு மணிக்குச் சிவனொளிபாத மலை தெளிவாகத் தெரியும், பத்து மணிக்கு எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியாது. பிதுருதலாகலை 2,524 மீட்டர். பனி கீழேயிருந்து மேலே ஏறும் வேகத்தை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். காசல்ரீக்கு வரும் மிதவை விமானிகள் இதே பாதையில் பழகியவர்கள். முதல் உரிமம் வாங்கிய பிள்ளை ஆசைக்காக இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையக் கூடாது. நான் இதை மாமாவாக இல்லை, ஏழு கன்னியர் மலையின் நிழலில் வளர்ந்தவனாகச் சொல்கிறேன்.

ஆகவே மருமகனே, ரத்மலானையில் விமானத்தைக் கட்டிப் போட்டுவிட்டு அவிசாவளை வழியாக ஏ7 வீதியில் வேனில் வாருங்கள். கித்துல்கலையில் டீ குடிக்கலாம். கினிகத்தேனையைத் தாண்டியதும் குளிர் தொடங்கும், அத்தை தானாகவே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த அழைப்பின் கடைசியில் அத்தை போனை வாங்கினாள். "ஏய்யா, திரும்பி வரும்போது எங்க லயத்து வாசல் மண்ணு ஒரு கைப்பிடி எடுத்தாரலாமா? தேயிலக் கன்னு ஒண்ணும் கொண்டாந்து இங்க வச்சிரலாம்னு ஆச" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அத்தை, முடியாது.

சுங்க மேசைக்குப் பக்கத்தில் தாவரப் பரிசோதனைக்காரர்கள் இருப்பது சும்மா இல்லை. நம் சுங்கச் சட்டம் எழுதிய அதே 1869இல்தான் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது. தேயிலைக்கு வந்த கொப்புள நோயும் அப்படித்தான். அஸ்ஸாமில் 1868இலேயே பார்த்த நோய், 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஆண்டில் இறங்கியது. மழை மாதத்தில் இளங்கொழுந்தில் வட்ட வட்டமாகப் பொக்களம் கட்டும் அந்த நோய்க்கு இன்றைக்கும் மருந்தடிக்கிறார்கள். காற்றில் வருவதை யாரும் தடுக்க முடியாது. பையில் வருவதைத் தடுக்கலாம். ஒரு பிடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவும் பூஞ்சணமும் இருக்கும். கோத்தகிரியில் உன் வீட்டைச் சுற்றி இருப்பதும் தேயிலைதானே, அத்தை. மண்ணை உள்ளே கொண்டுவர இந்தியாவின் தாவரத் தடுப்புச் சட்டம் விடுவதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் உன் பேரனின் உரிமத்துக்கே கேடு.

நீ வா. லயத்து வாசலில் வெறுங்காலோடு வேண்டுமட்டும் நில். திரும்பும்போது பெட்டியில் வைக்க எங்கள் ஃபேக்டரியின் தேயிலைத் தூள் ஒரு கிலோ பொதி கட்டி, சீல் வைத்து, பில்லோடு தருகிறேன். அதை மேசையில் எடுத்து வைத்துக் காட்டலாம்.

வருவதானால் ஜனவரி முடிந்து ஏப்ரலுக்குள் வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் மாதங்கள் அவைதான்.